நாடு கடத்தப்பட்ட பத்திராதிபர்: ஜோன் பொயில் ஓரெய்லியின் வாழ்வும் பணியும்

தாய்நாட்டை விட்டு நீங்கும் மக்கள் தம்முடன் எடுத்துச் செல்லும் பொருள்கள் மிகச் சிலவே. ஆயினும் கண்ணுக்குப் புலனாகாத சில உடைமைகளும் அவர்களுடன் கப்பலேறுகின்றன. சமயமும் பாட்டும் பழங்கதையும் அவற்றுள் அடங்கும். தலைமுறை தலைமுறையாக வந்த பகைமையும் அவற்றுள் அடங்கும். புதிய நாட்டிலே இவற்றுள் எதனைப் பேணுதல் வேண்டும், எதனைக் கைவிடுதல் வேண்டும் என்பதை அம்மக்களுக்கு எடுத்துரைக்கும் கடமை யாருடையது? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறிய அயர்லாந்து மக்களிடையே இக்கடமையைப் பெரிதும் ஏற்றுநின்றவர்கள் குருமாரும் பத்திராதிபர்களுமாவர். அப்பத்திராதிபர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் பொஸ்ரன் நகரத்துப் ‘பைலற்’ பத்திரிகையின் ஆசிரியராய் விளங்கிய ஜோன் பொயில் ஓரெய்லி. அச்சுக்கூடப் பயிலுநராயும் குதிரைப்படை வீரராயும் புரட்சிக்காரராயும் சிறைக்கைதியாயும் வாழ்ந்து, இருபத்தைந்து வயதிலே கையிற் பொருளெதுவுமின்றி அமெரிக்கக் கரையேறிய இவர், இருபது ஆண்டுகளுள் அந்நாட்டவரனைவரும் மதித்த அறிஞராயினார். இவ்வுயர்வுக்குக் காரணம் வீரச் செயல்கள் மட்டுமல்ல. தம் இனத்தார்க்கே அவர் கூறத் துணிந்த கசப்பான உண்மைகளே அதற்குப் பெருங்காரணமாயின.

ஓரெய்லி 1844 ஆம் ஆண்டு யூன் மாதம் 28 ஆம் நாள் அயர்லாந்திலுள்ள மீத் மாகாணத்தில், துரோகெடா நகருக்கு அணித்தாயுள்ள டௌத் என்னுமிடத்திற் பிறந்தார். தந்தையார் வில்லியம் டேவிட் ஓரெய்லி ஆங்கிருந்த அறநிலையமொன்றிற் பாடசாலை ஆசிரியராயிருந்தார். தாயார் எலிசா பொயில் அந்நிலையத்தின் மேற்பார்வையாளராயிருந்தார். குழந்தைக்கு ஓராண்டு நிரம்பியதும் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றது. ஏழைகளின் உணவு அஃதொன்றேயாதலின் பெரும் பஞ்சம் விளைந்தது. 1841 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி எண்பது இலட்சத்துக்கு மேலிருந்த மக்கட்டொகை, 1851 ஆம் ஆண்டில் ஏறக்குறைய அறுபத்தைந்து இலட்சமாகக் குறைந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கடல் கடந்தனர். மக்கள் மடிந்துகொண்டிருந்த அக்காலத்திலேயே அந்நாட்டின் தானியமும் கால்நடையும் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன என்பது அயர்லாந்து மக்களின் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று. ஓரெய்லி வளர்ந்தது இவ்வடுவின் நிழலிலேயேயாம்.

அவருடைய கல்வி பெரும்பாலும் அச்சுக்கூடத்திலேயே நிகழ்ந்தது. சிறுவராயிருக்கும்போதே துரோகெடாவில் வெளிவந்த ‘ஆர்கஸ்’ பத்திரிகையில் அச்சுக்கோக்கும் தொழிலைப் பயிலத் தொடங்கினார். பின்னர் 1859 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்துக்குச் சென்று, பிரெஸ்ரன் நகரில் உறவினர் வீட்டிற் றங்கி, ‘கார்டியன்’ என்னும் உள்ளூர்ப் பத்திரிகையிற் பணிபுரிந்தார். ஆங்கில மக்களிடையே அவர் கழித்த அவ்வாண்டுகள் இன்பமானவை. பிற்காலத்தில் ஆங்கில அரசை அவர் எதிர்த்தபோதும் ஆங்கில மக்களை வெறுக்காதிருந்தமைக்கு அவ்விளமைக்கால அனுபவம் ஒரு காரணமாயிருத்தல் கூடும்.

1863 இல் அயர்லாந்துக்குத் திரும்பிய ஓரெய்லி, பிரித்தானிய சேனையின் பத்தாவது குதிரைப்படைப் பிரிவிற் சேர்ந்தார். அயர்லாந்தைக் குடியரசாக்கும் நோக்குடன் 1858 இல் இரகசியமாகத் தோன்றிய பீனியர் இயக்கம் அக்காலத்திற் சேனையினுள்ளும் ஊடுருவிக்கொண்டிருந்தது. அவ்வூடுருவலை முன்னின்று நடத்திய ஜோன் டெவோய் என்பவர் 1865 இல் ஓரெய்லியையும் இயக்கத்திற் சேர்த்தார். அவரும் தம் படைப்பிரிவிலிருந்த அயர்லாந்து வீரர் பலரை இரகசியப் பிரமாணஞ் செய்வித்துச் சேர்த்தார். ஆனால் ஒற்றர்கள் அரசுக்கு யாவற்றையும் அறிவித்துக்கொண்டிருந்தனர். 1866 ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஓரெய்லி கைதுசெய்யப்பட்டார். டப்பிளினில் இராணுவ நீதிமன்று அவருக்கு மரண தண்டனை விதித்தது. இளமை கருதி அது பின்னர் 20 ஆண்டுக் கடூழியமாகக் குறைக்கப்பட்டது. இங்கிலாந்தின் பல சிறைகளில் அவர் மாறி மாறி அடைக்கப்பட்டார். தப்பியோட முயன்று பிடிபட்டுத் தனிச்சிறையும் அனுபவித்தார்.

1867 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் ‘ஊகுமொன்ற்’ என்னும் கப்பல் கைதிகளை ஏற்றிக்கொண்டு மேற்கு அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. இங்கிலாந்து அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பிய கடைசிக் கைதிக்கப்பல் இதுவே. அதிற் சென்றோருள் 62 பேர் பீனியர். நெடுங்கடற் பயணத்தின் சோர்வைப் போக்குதற்பொருட்டு இவர்கள் கையாலெழுதிய வாரப் பத்திரிகை ஒன்றை நடத்தினர். அதற்கு ‘காட்டு வாத்து’ எனப் பெயரிட்டனர். 1691 ஆம் ஆண்டுத் தோல்விக்குப் பின்னர் நாடு துறந்து ஐரோப்பிய அரசர்களின் படைகளிற் சேர்ந்த அயர்லாந்து வீரரை அப்பெயரால் வழங்குவது மரபாதலின், அஃது அக்கைதிகளுக்கும் பொருத்தமாயிற்று. ஜோன் பிளட் என்பவர் ஆசிரியராயிருக்க, ஓரெய்லி அவருக்குத் துணைநின்றார். ஏழு இதழ்கள் வெளிவந்தன. அவ்விதழ்களின் மூலப்பிரதி சிட்னி நகரத்து நூலகமொன்றில் இன்றும் பேணப்படுகின்றது. அச்சுமின்றி விற்பனையுமின்றிக் கப்பலின் அடித்தளத்திலே வாசித்துக் காட்டப்பட்ட இப்பத்திரிகை, ஒரு செய்தியைத் தெளிவாக்குகின்றது. பத்திரிகை முதலில் வேண்டுவது பொறியன்று. சிதறிப்போகும் மனிதரை ஒரு சமூகமாகச் சேர்த்து வைக்கும் விருப்பமே.

1868 ஆம் ஆண்டு சனவரி மாதம் கப்பல் பிரிமாந்திள் துறைமுகத்தை அடைந்தது. ஓரெய்லி தெற்கேயுள்ள பன்பெரி என்னும் ஊருக்கருகிற் காட்டினூடே வீதியமைக்கும் கைதிக்கூட்டத்தில் விடப்பட்டார். தனிமையும் நம்பிக்கையின்மையும் அவரை வாட்டின. அவ்வாண்டின் இறுதியில் அவர் தம்முயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். அந்நிலையிலே அவ்விடத்துக் கத்தோலிக்க குருவானவரான பற்றிக் மக்கேப் என்பார் அவருக்குத் துணையாக வந்தார். அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் பன்பெரித் துறையை நாடி வருவதுண்டு. அவற்றுள் ஒன்றில் ஓரெய்லியை ஏற்றிவிடுவதற்குக் குருவானவர் ஒழுங்கு செய்தார். 1869 ஆம் ஆண்டு பெப்புருவரி மாதம் 18 ஆம் நாள் இரவு ஓரெய்லி கைதிப் பாளையத்தை விட்டு நீங்கினார். ஏற்றுவதாக உடன்பட்டிருந்த முதற் கப்பல் அவருடைய படகைக் காணாமற் சென்றுவிட்டது. மணற்குன்றுகளிடையே நாட்கள் பல மறைந்திருந்தபின், மார்ச்சு மாதத் தொடக்கத்திலே ‘கசெல்’ என்னும் மற்றொரு கப்பல் அவரை ஏற்றுக்கொண்டது. அக்குடியேற்றத்து அயர்லாந்துக் குடியானவர் சிலர் தமக்கு வரக்கூடிய தண்டனையையும் பொருட்படுத்தாது இதற்கு உதவினர்.

ஆயினும் அபாயம் நீங்கிற்றிலது. இந்து சமுத்திரத்திலுள்ள உறொட்ரிகஸ் தீவிற் கப்பல் தங்கியபோது, பிரித்தானிய அதிகாரி கப்பலிலேறித் தப்பியோடிய கைதியைத் தேடினார். ஓரெய்லியின் நண்பராகிவிட்ட ஹென்றி ஹாதவே என்னும் கப்பலதிகாரி ஓர் உபாயஞ் செய்தார். இரவிலே சாணைக்கல் ஒன்றைக் கடலில் எறிந்து, ஓரெய்லியின் தொப்பியையும் நீரில் மிதக்கவிட்டார். கைதி கடலிற் பாய்ந்து மாண்டான் எனக் கப்பலிலுள்ளோரும் நம்பினர். அவர் மறைவிடமொன்றில் உயிருடனிருந்தார். பின்னர் வேறு கப்பல்கள் மாறி, தம்மைத் தேடும் அரசின் துறைமுகமாகிய லிவர்பூலையும் கடந்து, 1869 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23 ஆம் நாள் பிலடெல்பியாவிற் கரையேறினார். கரையேறியவுடன் அவர் செய்த முதற் காரியங்களுள் ஒன்று அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தமையாகும்.

1870 இல் அவர் வந்து குடியேறிய பொஸ்ரன் நகரம் அயர்லாந்து மக்களை மனமுவந்து ஏற்ற நகரமன்று. ஆங்கிலப் புரொட்டஸ்தாந்து மரபில் வந்த பழங்குடும்பங்களே அங்கு செல்வத்தையும் கல்வியையும் ஆட்சியையும் தம்வசப்படுத்தியிருந்தன. 1834 இல் அந்நகருக்கு அயலிலுள்ள சார்ள்ஸ்ரவுணிற் கத்தோலிக்க கன்னியர் மடமொன்று கலகக்காரராற் கொளுத்தப்பட்டது. 1854 இல் குடியேறியோரை எதிர்ப்பதையே கொள்கையாகக் கொண்ட கட்சி மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஆட்சியைக் கைப்பற்றியது. பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்தர் துறைமுகக் கூலிகளாயும் வீட்டுப் பணியாளராயும் நெருக்கமான சேரிகளில் வாழ்ந்தனர். இவர்களின் குரலாய் விளங்கியது ‘பைலற்’ பத்திரிகை. பொஸ்ரன் மேற்றிராணியார் பெனிக் 1829 இல் வேறு பெயருடன் தொடங்கிய கத்தோலிக்க வாரப் பத்திரிகையே, அயர்லாந்திலிருந்து வந்த பற்றிக் டொனகோ என்பவரின் கையில் இப்பெயர் பெற்று வளர்ந்தது. காணாமற்போன உறவினரைத் தேடுவோர் வெளியிட்ட விளம்பரங்கள் அதில் 1831 தொடக்கம் 1921 வரை இடம்பெற்றன. கணவனைத் தேடும் மனைவியும் தமையனைத் தேடும் தங்கையும் பிறந்த ஊரையும் ஏறிய கப்பலையும் குறித்து எழுதிய அவ்விளம்பரங்கள், சிதறுண்ட ஓரினத்தின் சரித்திரமாகவே அமைந்துள்ளன.

1870 இல் டொனகோ ஓரெய்லியைத் தம் பத்திரிகையிற் சேர்த்துக்கொண்டார். சேர்ந்த சில மாதங்களுள்ளேயே இரண்டு பெருஞ் சோதனைகள் அவரை எதிர்கொண்டன. அமெரிக்காவிலிருந்த பீனியரின் ஒரு பகுதியினர் அயலேயுள்ள கனடாவைத் தாக்குவதன் மூலம் பிரித்தானியாவுக்கு நெருக்கடி உண்டாக்கலாமெனக் கருதினர். அவ்வாண்டு மே மாதத்தில் ஜோன் ஓநீல் என்பவரின் தலைமையில் எல்லையிற் படையெடுப்பு நிகழ்ந்தது. செய்தி திரட்டுதற்கு ஓரெய்லி அனுப்பப்பட்டார். ஒழுங்கற்ற அப்படை ஒரே நாளிற் சிதறியது. தலைவரை அமெரிக்க அதிகாரிகளே கைதுசெய்தனர். அதனை வீரச் செயலாகப் புனைந்துரைத்திருப்பின் வாசகர் பலர் மகிழ்ந்திருப்பர். பீனியர் இயக்கத்துக்காகச் சிறை சென்றவர் எழுதும்போது யாரும் ஐயுற்றிருக்கவும் மாட்டார்கள். ஓரெய்லியோ தாம் கண்டதைக் கண்டவாறே எழுதினார். தாக்குதலின் அறிவின்மையையும், தலைவர்கள் ஏழை இளைஞரை வீணே பலியிட்டமையையும் வெளிப்படையாகக் கண்டித்தார்.

இரண்டாஞ் சோதனை யூலை மாதத்தில் வந்தது. 1690 ஆம் ஆண்டு பொயின் ஆற்றங்கரையிற் புரொட்டஸ்தாந்து அரசர் வில்லியம் பெற்ற வெற்றியைக் கொண்டாடுவது அயர்லாந்துப் புரொட்டஸ்தாந்தருள் ஆரஞ்சுச் சங்கத்தாரின் வழக்கம். 1870 ஆம் ஆண்டு யூலை 12 ஆம் நாள் நியூயோர்க்கில் அவர்கள் நடத்திய ஊர்வலத்தைக் கத்தோலிக்க அயர்லாந்தர் தாக்கினர், உயிர்கள் பலியாயின. கத்தோலிக்க பத்திரிகையொன்று தன் மதத்தார் பக்கமே நின்றிருத்தல் இயல்பு. ஓரெய்லி இருசாராரையும் ஒருங்கே கடிந்துகொண்டார். கடலுக்கப்பாலுள்ள ஒரு தீவின் பழம்பகையைப் புதிய நாட்டின் தெருக்களில் இழுத்து வருவது அயர்லாந்துப் பெயருக்கே இழுக்கென்றும், ஊர்வலஞ் செய்தோரும் கல்லெறிந்தோரும் அவ்விழுக்கிற் சமபங்காளிகளென்றும் எழுதினார். வாசகர்க்கு இனியதைக் கூறிப் பத்திரிகையை விற்பவனுக்கும், வாசகர்க்கு வேண்டியதைக் கூறிப் பழியேற்பவனுக்கும் உள்ள வேறுபாடு அவ்வாண்டிலேயே புலனாயிற்று.

1872 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பொஸ்ரனில் மூண்ட பெருந்தீ டொனகோவின் அச்சுக்கூடத்தை அழித்தது. அடுத்த ஆண்டு வந்த பொருளாதார நெருக்கடி அவரை மேலும் நலிவித்தது. ஏழைக் குடியேற்றவாசிகள் தம் சிறு சேமிப்பை அவருடைய வங்கியில் வைத்திருந்தனர்; அவர் முறிந்தபோது அவர்கள் பணமும் ஆபத்துக்குள்ளாயிற்று. 1876 இல் அதிமேற்றிராணியார் ஜோன் வில்லியம்சும் ஓரெய்லியும் சேர்ந்து பத்திரிகையை வாங்கினர். நாலில் மூன்று பங்கு முன்னவர்க்கும் ஒரு பங்கு பின்னவர்க்கும் உரியதாயிற்று. வாங்கியபோது, வைப்பிட்டோரின் பணத்தை ஆண்டுதோறும் பகுதி பகுதியாகத் திருப்பிக் கொடுப்பதென உறுதிபூண்டனர். அவ்வுறுதியை நிறைவேற்றவுஞ் செய்தனர்.

பத்திரிகையின் முழுப் பொறுப்பும் கைக்கு வந்த அவ்வாண்டிலேயே ஓரெய்லி தொடர்புகொண்டிருந்த மற்றொரு செயலும் நிறைவெய்தியது. மேற்கு அவுஸ்திரேலியாவில் இன்னுஞ் சிறையிலிருந்த பீனிய போர்வீரர் எழுதிய கடிதமொன்று அமெரிக்காவிலிருந்த டெவோயின் கையை எட்டியிருந்தது. திமிங்கில வேட்டைக் கப்பலைப் பயன்படுத்துமாறு ஆலோசனை கூறி, பழைய நண்பர் ஹாதவேயுடன் டெவோயைத் தொடர்புபடுத்தியவர் ஓரெய்லியே. அங்ஙனம் வாங்கப்பட்ட ‘கற்றல்பா’ கப்பல் ஜோர்ஜ் அந்தோனி என்னும் தலைவரின் கீழ் 1875 இற் புறப்பட்டு, 1876 ஏப்பிரிலில் ஆறு கைதிகளை மீட்டு, ஓகஸ்டு மாதம் நியூயோர்க்கை அடைந்தது. கனடாப் படையெடுப்பைக் கண்டித்தவர் இதற்கு உதவியது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் முன்னையது பயனின்றி உயிர்களைப் பலிகொண்டது. பின்னையது ஓர் உயிரையும் மாய்க்காது ஆறு பேரை விடுவித்தது. வன்முறைமீது அவருக்கிருந்த வெறுப்பு விடுதலை மீதிருந்த பற்றைக் குறைத்திலது. பின்னர்ப் பார்னெல் நடத்திய நில இயக்கத்தையும் சுயாட்சிக் கோரிக்கையையும் ஆதரித்த அவர், 1882 இல் டப்பிளினில் அரசாங்க உயர் அதிகாரிகள் இருவர் கொலையுண்டபோது அக்கொலையைத் தயக்கமின்றிக் கண்டித்தார்.

அவருடைய பெருமையை அளக்க மற்றொரு செய்தியும் உண்டு. உள்நாட்டுப் போருக்கு முன்னர் ‘பைலற்’ பத்திரிகை அடிமை ஒழிப்பு இயக்கத்துக்கு மாறாக நின்றது. 1863 இல் நியூயோர்க்கிற் கட்டாய இராணுவ சேவைக்கெதிராக எழுந்த கலகத்தில் அயர்லாந்துத் தொழிலாளர் கறுப்பின மக்களைக் கொடுமையாகத் தாக்கினர். கூலிக்காகப் போட்டியிட்ட இருசாரார்க்குமிடையே கசப்பு வேரூன்றியிருந்தது. இத்தகைய வாசகரை வைத்துக்கொண்டு ஓரெய்லி கறுப்பின மக்களின் சமவுரிமையை விடாது வற்புறுத்தினார். தாம் அடக்கப்பட்டதைச் சொல்லி முறையிடுவோர் பிறர் அடக்கப்படுவதைக் கண்டு வாளாவிருத்தல் தகாதென்பது அவர் கொள்கை. 1885 இல் மசச்சூசெற்ஸ் கறுப்பின மக்கள் கழகத்தின் கூட்டத்திற் பேசினார். 1770 ஆம் ஆண்டுப் பொஸ்ரன் படுகொலையில் முதலில் வீழ்ந்த கறுப்பினத்தவரான கிறிஸ்பஸ் அற்றக்ஸ் முதலியோர்க்கு 1888 இல் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டபோது, அதற்குரிய கவிதையை யாத்தவரும் அவரே. யூதர்மீதிருந்த வெறுப்பையும் அவர் கண்டித்தார். அதே நீதியுணர்வு எல்லாப் பொருளிலும் அவரிடம் அமைந்திருந்ததெனக் கூறமுடியாது. பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை அவர் எதிர்த்தார். 1872 இல் அவர் மணந்த மேரி மர்பி தாமே சிறுவர் பத்திரிகையொன்றில் எழுதியவராயிருந்தும் இக்கருத்து மாறவில்லை. காலத்தின் எல்லைகள் பலவற்றைத் தாண்டியவரும் ஓரெல்லையிலே நின்றுவிட்டார்.

எழுத்துத்துறையிலும் அவர் உழைப்பு சிறிதன்று. 1873 இல் தென்கடற் பாடல்கள் அடங்கிய முதற் கவிதைத் தொகுதியை வெளியிட்டார். அவுஸ்திரேலியக் கைதி வாழ்க்கையைப் பொருளாகக் கொண்ட ‘மூன்டைன்’ என்னும் நாவல் அதன்பின் வந்தது. வசதியுள்ள பழங்குடும்பத்து எழுத்தாளர் அவரைத் தம் கழகங்களில் வரவேற்றனர். அயர்லாந்தின் இளங்கவிஞர்க்குப் ‘பைலற்’ இடமளித்தது. பின்னர் உலகப் புகழ்பெற்ற யேற்ஸ் இளைஞராயிருந்த காலத்து எழுத்துக்களும் அதில் வெளிவந்தன. 1889 இல் பிளிமத் நகரில், அங்கு முதலில் வந்திறங்கிய ஆங்கிலப் புரொட்டஸ்தாந்து முன்னோர்க்கு எழுப்பிய நினைவுச்சின்னத்தைத் திறந்துவைத்தபோது கவிதை பாட அழைக்கப்பட்டவர் அயர்லாந்துக் கத்தோலிக்கராகிய ஓரெய்லி. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கன்னியர் மடத்தைக் கொளுத்திய மாநிலத்திலே இது நிகழ்ந்தது. அதற்குள் பொஸ்ரன் நகரம் 1884 இல் ஹியூ ஓபிரயன் என்னும் அயர்லாந்தரைத் தன் முதல்வராகவும் தெரிந்தெடுத்திருந்தது.

அமெரிக்கா அவரை ஏற்றுக்கொண்டபோதும் பிரித்தானிய அரசு மன்னிக்கவில்லை. 1885 இல் கனடாவிற் சொற்பொழிவாற்ற அவர் அழைக்கப்பட்டபோது பிரித்தானிய அரசு அனுமதி மறுத்தது. பிறந்த மண்ணை அவர் மீண்டும் மிதித்ததேயில்லை. இடையறாத உழைப்பினால் உறக்கமின்மை அவரை வருத்தியது. 1890 ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதம் 10 ஆம் நாள், ஹல் என்னும் கடற்கரை ஊரிலுள்ள தம் இல்லத்தில், மனைவியாரின் உறக்க மருந்தை அளவுமிஞ்சி உட்கொண்டமையால் உயிர்நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 46. அவருடைய உடன் பணியாளரான ஜேம்ஸ் ஜெப்ரி றோச் அவருக்குப்பின் பத்திராதிபரானதோடு 1891 இல் அவருடைய சரித்திரத்தையும் எழுதினார். 1896 இல் பொஸ்ரனில் அவருக்கு நினைவுச்சின்னம் அமைக்கப்பட்டது. சிற்பி டானியல் செஸ்ரர் பிரெஞ்சு செதுக்கிய அதில் ஒருபுறம் ஓரெய்லியின் உருவமும், மறுபுறம் கவிதைக்கும் நாட்டுப்பற்றுக்கும் நடுவே வீற்றிருக்கும் அயர்லாந்து அன்னையின் உருவமும் உள்ளன. ஹல் ஊரில் அவருடைய இல்லமிருந்த இடத்திற் பொது நூலகம் இயங்குகின்றது. பிறந்த டௌத்திலும் 1903 இல் நினைவுச்சின்னம் எழுந்தது. உயிருடன் திரும்ப இயலாத ஊருக்கு அவர் கல்லுருவிலே திரும்பினார்.

ஓரெய்லியின் வாழ்க்கையிலே தப்பியோட்டத்தையும் கற்றல்பாக் கப்பலையும் விரும்பிக் கூறுவோர் பலர். அவை கேட்போரைக் கவர்வன, ஐயமில்லை. ஆயினும் சரித்திரத்தில் அவருக்குள்ள இடத்தை உறுதிசெய்தது 1870 ஆம் ஆண்டின் அந்தச் சில பத்திகளே. பகைவனை எதிர்க்கும் துணிவு சிறை சென்ற பலரிடம் உண்டு. தன்னைத் தியாகியெனப் போற்றும் தன்மக்களின் முன்னிலையில் நின்று, நீங்கள் செய்தது தவறு என்று எழுதும் துணிவு சிலரிடமே உண்டு. அவ்வாறு எழுதியும் அவர் தம் வாசகரை இழக்கவில்லை. அவருடைய கடிந்துரை அன்பினின்று பிறந்ததென்பதை அக்கூலித் தொழிலாளரும் வீட்டுப் பணிப்பெண்களும் நன்கு உணர்ந்திருந்தனர். பத்திராதிபர்க்குரிய அறம் யாது என வினவுவோர்க்கு அவர் வாழ்க்கையே தக்க விடையாகும்.